காத்தாடியில் இடி விழவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், இடிமேகத்தில் காத்தாடி விட்டு மின்னலை ஆராய்ந்த அமெரிக்கர் பெஞ்சமின் பிராங்ளின் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. இங்கே தமிழில் இப்படி ஒன்று வருவதே அரிது, அதற்கு நன்றி. ஆனால் கட்டுரையோடு வந்த படத்தையும் நாலைந்து வரிகளையும் திருத்தியாக வேண்டும். படத்தில் மின்னல் காத்தாடியின் நடு மண்டையில் இறங்குகிறது. கீழே வெட்டவெளியில் ஒரு கிழவர் மழையில் நனைந்துகொண்டு நூலைப் பிடித்திருக்கிறார், பக்கத்தில் ஒரு சிறுவன் கை தட்டுகிறான். "மின்சாரம் இப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது" என்று அடிக்குறிப்பு வேறு. கோயில் தமிழ் வகுப்புகளில் தங்கள் மாணவர் பக்கத்தை வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். திங்ஜான் (பர்மியப் புத்தாண்டு) கழிந்தால் யாங்கோனில் கோடை இடி தொடங்கிவிடும். பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வயல்வெளிக்குப் போகும் முன் திருத்தம் வரவேண்டும் என்பதால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

காத்தாடி விட்ட 1752 ஜூனில் பிராங்ளினுக்கு 46 வயது. கூட இருந்த மகன் வில்லியம் இருபதைத் தாண்டிய வாலிபர். இவை சின்னப் பிழைகள், விட்டுவிடலாம். மின்சாரத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்படி விடக்கூடியதல்ல. கண்ணாடிக் குழாயைத் தேய்த்துப் பொறி வரவழைப்பதும், அதை லெய்டன் சாடியில் சேர்த்துவைப்பதும் ஐரோப்பாவில் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. அவர் கேட்ட கேள்வி வேறு: மேகத்தில் இருப்பதும் இந்தச் சாடியில் இருப்பதும் ஒரே சரக்குதானா?

இதைச் சோதிக்கும் வழியையும் அவரே முன்கூட்டி எழுதி லண்டனுக்கு அனுப்பியிருந்தார். அந்த எழுத்தை வைத்து பிரான்சில் மார்லி என்ற ஊரில் 40 அடி உயர இரும்புக் கம்பியை நட்டு, 1752 மே 10 அன்று இடிமேகம் வந்தபோது அதிலிருந்து பொறியை இழுத்துக் காட்டினார்கள். ஆக, காத்தாடிக்கு ஒரு மாதம் முன்பே விடை கிடைத்துவிட்டது. அந்தக் கம்பியின் அருகே முதலில் போனவர் விஞ்ஞானி அல்ல, காவலுக்கு வைத்திருந்த ஒரு முன்னாள் படைவீரர். இந்த மாதிரி வேலைக்கு எப்போதும் முதலில் அனுப்பப்படுவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காத்தாடி செய்யும் முறையை பிராங்ளின் தம் பத்திரிகையான 'பென்சில்வேனியா கெசட்'டில் 1752 அக்டோபர் 19 அன்று வெளியிட்டார். "நான் செய்தேன்" என்ற பேச்சே அதில் இல்லை. சமையல் குறிப்பு போல, இதை எடு, இப்படிக் கட்டு என்று போகிறது. தேவதாரு மரத்தில் இரண்டு மெல்லிய குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, பெரிய பட்டுக் கைக்குட்டையின் நான்கு மூலைகளையும் நான்கு முனைகளில் கட்ட வேண்டும். இடிமழைக் காற்றில் காகிதம் கிழிந்துவிடும், பட்டு ஈரத்தையும் தாங்கும் காற்றையும் தாங்கும் என்பதால்தான் கைக்குட்டை. நிமிர்ந்த குச்சியின் உச்சியில், மரத்துக்கு மேல் ஓர் அடியோ சற்றுக் கூடுதலோ நீட்டிக்கொண்டிருக்கும்படி கூரான கம்பி. வால் உண்டு. நூல் சாதாரண முறுக்கு நூல். அந்த நூலின் கடைசியில், கைக்குப் பக்கத்தில் ஒரு பட்டு நாடா. நூலும் நாடாவும் சேரும் முடிச்சில் ஒரு சாவி.

தங்கள் படத்தில் சாவி காத்தாடியின் வாலில், வானத்தில் தொங்குகிறது. உண்மையில் அது கீழே, விரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய பொருள். பரிசோதனையின் சூட்சுமமே அந்த முடிச்சில்தான் இருக்கிறது. நனைந்த நூல் மின்சாரத்தைக் கடத்தும், உலர்ந்த பட்டு கடத்தாது. மேலிருந்து வருவது சாவிவரை வந்து, நாடாவைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கும். நாடா நனைந்தால் அது நேராகப் பிடித்திருப்பவர் கைக்குப் போய்விடும். அதனால்தான் பிடிப்பவர் கதவுக்கோ சன்னலுக்கோ உள்ளே, ஏதாவது கூரையடியில் நிற்க வேண்டும் என்று எழுதினார். நூல் கதவு நிலையில் உரசவும் கூடாது. உரசினால் சேர்ந்ததெல்லாம் நிலை வழியாகச் சுவருக்குள் இறங்கிவிடும், சாவியில் ஒன்றும் மிஞ்சாது. இடிமேகம் தலைக்கு மேல் வரும்போது நூலின் பிசிறுகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நாலாபக்கமும் சிலிர்த்து நிற்கும். அப்போது விரல் கணுவைச் சாவியருகே கொண்டுபோனால் பொறி தெறிக்கும். அந்தப் பொறியாலேயே சாடியை நிரப்பி, தேய்த்து எடுத்த மின்சாரத்தால் செய்யும் வேலைகளை எல்லாம் இதனாலும் செய்யலாம் என்றார்.

இதில் மின்னல் எங்கேயும் விழவில்லை. மேகத்தில் இருக்கும் மின்னூட்டத்தால் கீழே உள்ள காற்றெங்கும் ஓர் இழுவிசை பரவியிருக்கும், நனைந்த நூல் அதில் கொஞ்சத்தைக் கீழே கொண்டுவரும், அவ்வளவுதான். உண்மையில் இடி விழுந்திருந்தால் நாடா ஈரமோ உலர்வோ, ஆள் பிழைத்திருக்க மாட்டார். மறு ஆண்டே, 1753 ஆகஸ்டில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற பேராசிரியர் அப்படித்தான் இறந்தார். கூரையிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்திருந்தார். அளவு பார்ப்பதற்காக அதை மண்ணோடு சேர்க்காமல் விட்டிருந்தார். அளவைக் குனிந்து பார்த்தபோது கம்பியிலிருந்து தாவியது அவர் நெற்றியில் அடித்தது. பிராங்ளின் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு பள்ளிக் கட்டுரையிலும் ரிச்மனுக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இப்போது கடையில் வரும் காத்தாடிகளில் ஜிகினாத் தாளும் உலோகப் பூச்சுள்ள நூலும் சர்வசாதாரணம், அவை நனையக்கூட வேண்டாம்.

இடிதாங்கி பற்றிக் கட்டுரை ஒரே வரியில் "மின்னலைத் தடுக்கும் கருவி" என்று முடித்துவிட்டது. அது எதையும் தடுப்பதில்லை. 1753-ஆம் ஆண்டுக்கான தம் 'ஏழை ரிச்சர்ட்' பஞ்சாங்கத்தில் பிராங்ளின் கொடுத்த குறிப்பு இது: ஆணி செய்பவர்கள் வாங்கும் மெல்லிய இரும்புக் கோல் ஒன்று. அதன் ஒரு முனை ஈர மண்ணில் மூன்று நான்கு அடி ஆழத்தில், மறுமுனை கட்டடத்தின் உச்சிக்கு மேல் ஆறு எட்டு அடி உயரத்தில். உச்சியில் ஓர் அடி நீளத்துக்குப் பின்னல் ஊசி கனத்தில் கூராக்கிய பித்தளைக் கம்பி. கோலைச் சுவரோடு சில சிறு கொக்கிகளால் பிடித்துவிட வேண்டும். கட்டடம் நீளமாக இருந்தால் இரு கோடியிலும் ஒவ்வொன்று வைத்து, முகட்டின் மேல் ஒரு கம்பியால் இரண்டையும் இணைக்க வேண்டும். பஞ்சாங்கத்தில் நாள் நட்சத்திரம் பார்க்க வந்தவன் கையிலேயே இதைக் கொடுத்துவிட்டார். காப்புரிமை கேட்கவில்லை, காசும் கேட்கவில்லை.

அவருடைய விளக்கத்தில் ஒரு பிழை உண்டு. கூர்முனை மேகத்தின் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும், ஆகவே இடியே விழாது என்று முதலில் நம்பினார். உண்மையில் ஒரு கம்பி அத்தனை பெரிய மேகத்தை வற்றவைக்க முடியாது. விழுகிற இடியைத் தானே வாங்கி, கட்டடத்தைத் தொடாமல் மண்ணுக்கு இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. கூராக இருக்க வேண்டுமா உருண்டையாக இருக்க வேண்டுமா என்று பிற்பாடு இங்கிலாந்தில் பெரிய சண்டையே நடந்தது. அமெரிக்காவோடு போர் நடந்த காலம், கூர்முனை கலகக்காரர்களின் முனை என்று ஜார்ஜ் மன்னர் உருண்டையின் பக்கம் நின்றார். இரண்டு நூற்றாண்டு கழித்துச் செய்த சோதனைகளில், ஊசிக்கூரைவிட விரல் கனத்தில் மழுங்கிய முனையே இடியை நன்றாகப் பிடிக்கிறது என்று தெரிந்தது. மன்னர் சரியான விடையைத் தவறான காரணத்துக்காகச் சொல்லியிருக்கிறார்.

கோபுரக் கலசமே இடிதாங்கி என்று கட்டுரையின் கடைசியில் ஒரு துணுக்கு இருந்தது. இதைப் பலமுறை, பல மேடைகளில் கேட்டாகிவிட்டது. செம்புக் கலசம் உயரத்தில் இருக்கிறது, இடியை வாங்கும், உண்மைதான். வாங்கி எங்கே கொடுக்கும்? கலசத்தை நிறுத்தியிருக்கும் தண்டு பெரும்பாலும் மரம், அதைச் சுற்றிச் செங்கல்லும் சுதையும். கலசத்துக்கும் மண்ணுக்கும் நடுவே செம்பு கிடையாது. வந்த மின்சாரம் ஈரம் ஊறிய சுதைக்குள் வழி தேடும். அந்த ஈரம் கண் இமைக்கும் நேரத்தில் ஆவியாகிப் பொம்மையின் தலையையும் கையையும் வெடித்துத் தெறிக்கவிடும். உள்ளே இருக்கும் வரகு எதையும் கடத்தாது. நம் பயாக்களின் (பர்மிய பௌத்தத் தூபிகளின்) உச்சிக் குடைக்கும் இதே விதிதான்: உச்சியில் எத்தனை உலோகம் இருந்தாலும் கீழே வரை பட்டை இறங்கியிருந்தால்தான் அது காவல்.

கோபுரத்துக்கு இதைச் செய்ய ஏற்ற நேரம் கும்பாபிஷேகம். சாரம் ஏற்கனவே கட்டியிருக்கும், கலசத்தையும் இறக்கியிருப்பார்கள். கலசங்கள் எல்லாவற்றையும் அடியில் ஒரு செம்புப் பட்டையால் இணைத்து, அவற்றைவிடச் சற்று உயரமாக ஒரு கோலையும் நிறுத்த வேண்டும். அங்கிருந்து 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புப் பட்டை எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டாக இறங்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது இருக்கும். பட்டை பொம்மைகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கக்கூடாது. மின்னலுக்கு மூலை திரும்பத் தெரியாது, குறுகிய மடிப்பு வந்தால் பட்டையை விட்டுப் பக்கத்துச் சுவருக்குத் தாவும். திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சாண் ஆரத்துக்குக் குறையாமல் அகலமாக வளைக்க வேண்டும். மீட்டருக்கு ஒரு கிளிப். இணைப்புகளில் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி, ஈயம் பூசி, இரண்டிரண்டு போல்ட். வர்ணம் அடிப்பவர் இணைப்புக்கு நடுவில் பெயின்டை விட்டுவிட்டால் அத்தனையும் வீண். செம்பு சிங்க் தகட்டுக் கூரையின் மேல் நேராகப் படக்கூடாது, மழைநீர் பட்டு இரண்டு மூன்று மழைக்காலத்தில் தகடு ஓட்டையாகும்.

கீழே மண்ணுக்குள் 2.4 மீட்டர் எர்த் ராடு, தேவைப்பட்டால் ஒன்றுக்கு மேல். எர்த் டெஸ்டரில் அதன் மின்தடை 10 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். அதை ஆவணி மாதச் சேற்றில் அளந்து சான்றிதழ் வாங்குவது எளிது, மண் காய்ந்து கிடக்கும் பங்குனியில் அளந்தால்தான் உண்மை தெரியும். மேட்டு நிலத்துச் செம்மண்ணில் ஒரு ராடு பெரும்பாலும் போதாது. ஒலிபெருக்கி ஒயரையும் சீரியல் விளக்கையும் அதே பட்டையில் கட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. இடி விழும் நாளில் அது ஆம்ப்ளிஃபயர் வழியாக மைக்கைப் பிடித்திருப்பவரிடம் வரும். கடைசியாக, ஆள் எட்டும் உயரத்தில் பட்டையைக் குழாய் போட்டு மூடாவிட்டால் செம்புக்கு ஆசைப்பட்டு யாராவது அறுத்துப் போய்விடுவார்கள். மேலே பளபளவென்று கோல் நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. அது இடிதாங்கியே இல்லாததைவிட மோசம். ரிச்மன் வீட்டில் இருந்ததும் அதே ஏற்பாடுதான்.

இனி எங்களுக்கு அதிகம் உறுத்திய வரி. "இளமையில் சிறிது காலம் அச்சுத் தொழிலும் செய்தார்" என்று கட்டுரை சொல்கிறது. அந்தச் சிறிது காலம் 30 ஆண்டுகள். பாஸ்டனில் மெழுகுத்திரியும் சோப்பும் காய்ச்சி விற்றவருக்குப் பிறந்த 17 பிள்ளைகளில் 15-ஆவது. பள்ளிக்கூடம் இரண்டே ஆண்டு. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழக ஒப்பந்தம். 17-இல் அண்ணனோடு மனம் கசந்து பிலடெல்பியாவுக்கு ஓட்டம். 42 வயதில், 1748-இல், கூட்டாளியிடம் அச்சகத்தை ஒப்படைத்துவிட்டு விலகினார். மின்சாரத்துக்கு முழு நேரம் கிடைத்ததே அச்சகம் சம்பாதித்துக் கொடுத்த காசால்தான்.

தொழிலில் அவர் எப்படிப்பட்ட கை என்பதற்கு ஒரு காட்சி போதும். அமெரிக்காவில் அப்போது எழுத்து வார்ப்பவர் யாரும் இல்லை. ஓர் எழுத்து தீர்ந்துபோனால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும். கம்பாசிட்டர் (அச்சுக்கோப்பவர்) வேலை தெரிந்தவர்களுக்கு இந்த அவதி புரியும், கேஸில் (எழுத்துப் பெட்டியில்) 'கு' தீர்ந்த அன்று வேலையே நிற்கும். முறைப்படி செய்தால் எஃகு முளையில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்து மேட்ரிக்ஸ் என்ற பள்ள அச்சு எடுத்து, அதில் உலோகத்தை வார்க்க வேண்டும். எஃகு செதுக்க அவருக்குத் தெரியாது. கையில் மிச்சமிருந்த டைப் எழுத்தையே முளையாக வைத்து ஈயக் கட்டியில் அடித்தார், அந்தப் பள்ளத்தை மேட்ரிக்ஸாக்கி, வார்ப்பு அச்சையும் தாமே செய்து எழுத்து வார்த்துக்கொண்டார். இது எப்படி நடக்கும்? டைப் உலோகத்தில் ஈயத்தோடு ஆன்டிமனியும் வெள்ளீயமும் சேர்ந்திருப்பதால் அது வெறும் ஈயத்தைவிடக் கடினம், அடித்தால் பதியும். வெறும் ஈயம் உருக 327 டிகிரி சூடு வேண்டும், டைப் உலோகம் அதற்குக் கீழேயே உருகிவிடும். ஆகவே உருகியதை ஊற்றினாலும் ஈய மேட்ரிக்ஸ் கரையாது. சூடு கொஞ்சம் ஏறினால் முகம் மழுங்கும், நீண்ட நாளும் தாங்காது. அன்றைய வேலை முடிய அது போதும்.

இன்னொன்று. சொந்தமாக அச்சகம் தொடங்கிய புதிதில், ஒரு பெரிய புத்தகத்தை நாளுக்கு ஒரு ஷீட் அச்சுக்கோப்பது என்று வைத்துக்கொண்டார். ஒரு நாள் வேலை முடித்து, பக்கங்களைச் சட்டத்தில் இறுக்கி வைத்த பிறகு ஒரு பாரம் (இறுக்கிய அந்தச் சட்டம்) உடைந்து இரண்டு பக்கம் கொட்டிப்போயிற்று. வரி ஒன்று தளர்வாக இருந்தாலோ ஓர ஆப்பு இறுகாவிட்டாலோ தூக்கும்போது நடுப்பகுதி அப்படியே உதிரும், எல்லா அச்சகத்திலும் நடப்பதுதான். கொட்டியதைப் பிரித்துக் கேஸில் போட்டு, இரண்டு பக்கத்தையும் மறுபடி கோத்துவிட்டுத்தான் அன்றிரவு படுத்தார். ஊரில் அவருக்குக் கடன் கிடைத்ததற்கு இந்தப் பெயர்தான் காரணம்.

லண்டன் அச்சகத்தில் கூலிக்கு வேலை பார்த்த நாளில் கற்ற ஒரு பாடத்தை 60 ஆண்டு கழித்து, 1786 ஜூலையில், ஒரு நண்பருக்கு எழுதினார். கழுவிய எழுத்துக் கேஸைச் சாய்த்து நெருப்பருகே உலர்த்துவது அங்கே வழக்கம். குளிர்காலத்தில் சூடான எழுத்தைக் கோப்பது விரலுக்கு இதமாகவும் இருக்கும். அப்படிச் செய்த பிராங்ளினுக்குக் கை எலும்புகளில் ஒரு வலி வந்தது. வயதான தொழிலாளி ஒருவர், அப்படிச் செய்யாதே, கை விழுந்துவிடும் என்று எச்சரித்து, வாரம் ஒரு கினி சம்பாதித்த ஆள் பத்து ஷில்லிங்குக்கு இறங்கியதையும், மணிக்கட்டு தொங்கிப்போன இன்னொருவர் ஏழரை ஷில்லிங்குக்கு வந்ததையும் காட்டினார். புகையால் அல்ல, ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடுவதால்தான் துகள் வயிற்றுக்குப் போகிறது என்று அங்கிருந்த எழுத்து வார்ப்பவர் ஒருவர் சொன்னார், அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றினாலும் பிராங்ளினுக்குப் புகைப் பயம் போகவில்லை. கேஸ் முன்னால் நின்றுகொண்டே குன்யா (வெற்றிலை) மடித்து வாயில் போடும் பழக்கமுள்ள நம் ஊர் அச்சகங்களில் அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்.

அவர் பண நோட்டு அச்சடித்தது கட்டுரையில் வரவேயில்லை. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா நோட்டுகளின் பின்புறத்தில் 1730-களின் பிற்பாதியிலிருந்து ஓர் இலையின் உருவத்தை அச்சிட்டார். நிஜ இலையைப் பதித்து அச்செடுத்து, அதிலிருந்து டைப் உலோகத்தில் வார்த்த தகடு. இலை நரம்பு நடுவில் பருத்து ஓரத்தில் மயிரிழையாக மெலிவதை உளி பிடித்து யாராலும் அப்படியே செதுக்க முடியாது. ஒரே செடியில்கூட ஓர் இலை போல் இன்னொன்று இருக்காது. ஆகவே கள்ளநோட்டுக்காரன் தோற்றான். போதாததற்கு, கள்ளநோட்டு அடித்தால் மரண தண்டனை என்றும் அந்த நோட்டுகளிலேயே அச்சிட்டிருந்தது.

கிளைகள் வைத்த விதமும் கவனிக்கத் தக்கது. நம்பிக்கையான தொழிலாளிக்கு இயந்திரமும் எழுத்தும் கொடுத்து வேறு ஊருக்கு அனுப்புவார். செலவில் மூன்றில் ஒரு பங்கு இவருடையது, லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டு முடிந்தால் அந்த ஆள் இயந்திரத்தை விலைக்கு வாங்கித் தனியாகப் போகலாம். செட்டியார் கடைகளின் மூன்று வருடக் கணக்கு தெரிந்த பர்மாத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சார்ல்ஸ்டன் கிளையை நடத்திய லூயி திமொத்தே இறந்தபின் மனைவி எலிசபெத் பொறுப்பேற்றார். கணவர் ஒருநாளும் ஒழுங்காகக் கணக்கு அனுப்பியதில்லை, மனைவி மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அனுப்பினார் என்று பிராங்ளினே பாராட்டி எழுதிவைத்தார். ஒப்பந்தம் முடிந்ததும் அந்த அம்மாள் அச்சகத்தை விலைக்கு வாங்கி மகனுக்கு அமைத்துக் கொடுத்தார்.

எழுத்துச் சீர்திருத்தம் தமிழருக்கு மட்டும் வந்த யோசனை என்று நினைக்க வேண்டாம். 1768-இல் பிராங்ளின் ஆங்கிலத்துக்கு ஒரு புது எழுத்து வரிசை போட்டார். ஆறு எழுத்தைத் தள்ளி, ஆறு புது எழுத்தைச் சேர்த்தார், ஒரு ஒலிக்கு ஒரு எழுத்து என்பது கணக்கு. யாரும் ஏற்கவில்லை. கேஸ் முன்னால் நின்றவனுக்குத்தான் இப்படித் தோன்றும். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த மாற்றம் 13 எழுத்தைத் தொட்டது என்று சொல்வார்கள். கம்பாசிட்டருக்கு அதில் மிச்சமானது ணா, றா, னா, ணை, லை, ளை, னை என்ற ஏழு கட்டம்தான். பழைய 'னொ'வைக் கொம்பையும் பழைய 'னா'வையும் சேர்த்தே கோத்துவந்தார்கள்.

அரசியலைக் கட்டுரை ஓரளவு சரியாகவே சொல்லியிருக்கிறது. சுதந்திரப் பிரகடனம், 1778 பிரெஞ்சு உடன்படிக்கை, 1783 பாரிஸ் உடன்படிக்கை, 1787 அரசியல் சாசனம், இந்த நான்கிலும் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவரே என்பதைச் சேர்த்திருக்கலாம். "அடிமை முறையை வாழ்நாளெல்லாம் எதிர்த்தார்" என்பது மட்டும் சரியில்லை. அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். அவர் பத்திரிகையில் அடிமை விற்பனை விளம்பரங்களும், ஓடிப்போனவரைப் பிடித்துக் கொடுத்தால் பரிசு என்ற விளம்பரங்களும் காசுக்கு வந்தன. 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார், 1790-இல் சாவதற்குச் சில வாரம் முன்பு அமெரிக்கக் காங்கிரசுக்கு அந்தச் சங்கம் அனுப்பிய மனுவில் கையெழுத்திட்டார். இரண்டும் உண்மை, இரண்டையும் மாணவருக்குச் சொல்ல வேண்டும்.

1790 ஏப்ரல் 17 அன்று 84 வயதில் இறந்தார். அவர் உயில் "பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் பிராங்ளின், அச்சுத் தொழிலாளி" என்றுதான் தொடங்குகிறது, தூதர் பதவியெல்லாம் அதற்குப் பின்னால் வருகிறது. பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1,000 பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த, கல்யாணமான, 25 வயதுக்கு உட்பட்ட கைத்தொழில்காரருக்கு 15 முதல் 60 பவுண்டு வரை கடன். இரண்டு பேர் ஜாமீன், வட்டி ஆண்டுக்கு 5 சதவீதம், அசலில் பத்தில் ஒரு பங்கை வட்டியோடு வருடந்தோறும் கட்ட வேண்டும். தாமே இளமையில் இரண்டு நண்பர்களின் கடனில் தொழில் தொடங்கியவர் என்பதைக் காரணமாகச் சொல்கிறார். திரும்பி வருவதை மறுபடி கடன் கொடுத்தால் நூறு ஆண்டில் 1,000 பவுண்டு 1,31,000 ஆகும் என்று கணக்கும் போட்டார். கூட்டு வட்டிக் கணக்கு சரி, ஆனால் மனிதர் விஷயத்தில் தப்பியது. சிலர் திருப்பிக் கட்டவில்லை. அதைவிட, குரு வீட்டில் தங்கித் தொழில் பழகும் முறையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்துபோனதால், உயில் சொன்ன தகுதியுள்ள ஆளே கிடைக்கவில்லை. இருந்தும் இருநூறு ஆண்டு முடிந்த 1990-இல் இரண்டு ஊர்களின் கணக்கிலும் பல லட்சம் டாலர் இருந்தது.

படத்தை மறுபடி வரையச் சொல்வதாக இருந்தால் ஓவியருக்கு இந்தக் குறிப்பைக் கொடுங்கள். ஒரு கொட்டகை வாசல், அதற்கு உள்ளே நடுத்தர வயதுக்காரர் ஒருவரும் வாலிபர் ஒருவரும். வெளியே மழை, கறுத்த மேகம், மின்னல் கோடு வேண்டாம். நூல் கதவு நிலையைத் தொடாமல் வெளியே ஏறுகிறது, அதன் பிசிறுகள் சிலிர்த்து நிற்கின்றன. கைக்கும் நூலுக்கும் நடுவே நனையாத பட்டு நாடா, முடிச்சில் சாவி. கீழே "இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி, மாணவர் பக்கத்திலேயே, அதே அளவில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
மின்பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
யாங்கோன்.